வராத புயலின் கணக்கு



2024ஆம் ஆண்டு அக்டோபர் திங்களின் நடுவில், சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாக மகிழுந்துகள் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த காட்சியை நீங்கள் நாளிதழ்களில் கண்டிருப்பீர்கள். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு சென்னைக்கும் அதனை அடுத்துள்ள மாவட்டங்களுக்கும் அதிகனமழையைக் கொணரக்கூடும் என்று வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாலும் ரொட்டியும் கடைகளில் விரைந்து தீர்ந்தன. முந்தைய வெள்ளங்களில் வண்டியை இழந்தவர்கள், தண்டம் கட்டினாலும் கட்டுவோம் என்று பாலத்தின்மேல் ஏற்றிவிட்டு வீடு திரும்பினர். 15ஆம் நாள் வடசென்னைப் பக்கம் பெருமழை பெய்தது உண்மையே. ஆயினும், அனைவரும் நடுங்கிக் காத்திருந்த 16ஆம் நாளில் நகரின் வானம் பெரிதும் அமைதியாகவே இருந்தது. 17ஆம் நாள் விடியலில் அத்தாழ்வு சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது, உறங்கிக்கொண்டிருந்த பலர் அதனை அறியவும் இல்லை.

பிறகு எழுந்த நகைப்பைச் சொல்லவேண்டியதில்லை. வானிலை அலுவலகம் மழை என்றால் துணியைக் காயப் போடலாம் என்னும் பழைய கேலி புது மெருகுடன் உலா வந்தது. நினிவே நகர் அழியாமற் போயிற்றே என்று சினந்து, ஊருக்கு வெளியே போய் அமர்ந்த யோனாவை நாம் அறிவோம். அங்கே சினந்தவர் எச்சரித்தவர். இங்கோ, தப்பிப் பிழைத்த ஊரார் அல்லவா சினக்கின்றனர்!

ஆறே வாரங்கள் கழிந்தன. நவம்பர் இறுதியில் மற்றொரு தாழ்வு மண்டலம் எழுந்தது. புயலாகும் என்றனர், ஆகவில்லை. ஆகாது, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்றனர்; அடுத்த நாளே அது புயலாகிப் ‘பெஞ்சல்’ என்னும் பெயர் பெற்றது. இந்தத் தடுமாற்றத்தைக் கண்டு நகைத்தோர் பலர். ஆனால், நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய அப்புயல், போகவேண்டிய வழியில் போகாமல் நின்ற இடத்திலேயே நின்று மழையைக் கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் பதிவாயிற்று. மயிலத்தில் அரை மீட்டர் அளவுக்குப் பெய்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளைப் புதைத்தது. கடலையே பார்த்திராத ஊத்தங்கரையிலும் வெள்ளம் புகுந்தது. நகைத்தவர்களை அதன்பின் காணவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. முன்னறிவிப்பு என்பதனை நாம் ரயில்வே கால அட்டவணையைப்போல் எண்ணிவிடுகிறோம். குறித்த வண்டி, குறித்த நடைமேடைக்கு, குறித்த மணிக்கு வரவேண்டும். வராவிட்டால் சொன்னவர் பொய்யர். புயலுக்கோ தண்டவாளம் இல்லை. மேல் வானில் வீசும் பெருங்காற்றுகள் அதனைத் தள்ளிச் செல்கின்றன. அக்காற்றுகள் வலுவாக இருந்தால் வழி ஓரளவு தெளிவாகத் தெரியும். அவை நலிந்திருந்தால், சுழலும் பம்பரம் இறுதியில் எப்பக்கம் சாயும் என்று சொல்ல முடியாததுபோல, புயலின் வழியும் மயங்கும். பெஞ்சல் நேரிட்டது அவ்வகையைச் சேர்ந்தது.

செயற்கைக்கோள்களும் கணிப்பொறிகளும் வந்தபின் இந்திய வானிலைத் துறையின் திறன் பெரிதும் உயர்ந்திருக்கிறது. புயல் நாளை எங்கே இருக்கும் என்று இன்று கணிப்பதில் நேரும் பிழை அண்மை ஆண்டுகளில் சராசரியாக ஏறத்தாழ 80 கி.மீ. அளவே. இவ்வளவு பெரிய கடலில் அது சிறு பிழை. ஆனால், கரையில் நிற்பவனுக்கு 80 கி.மீ. என்பது சென்னைக்கும் மதுராந்தகத்துக்கும் இடைப்பட்ட தொலைவு. கணிப்பு சரியாகவே இருக்கும். உம் தெருவில் மட்டும் தூறலும் இராது. பக்கத்து மாவட்டத்தில் வீடு இழந்தவனிடம் போய், ‘முன்னறிவிப்பு பொய்த்தது’ என்று சொல்லிப் பாருங்கள்!

எச்சரிக்கைகளைப் படிக்கும் முறையும் நமக்குச் சரிவரக் கற்பிக்கப்படவில்லை. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டையே எடுத்துக்கொள்வோம். எண் ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது என்று நினைப்பவர் பலர். எட்டும் ஒன்பதும் பத்தும் ஒரே வகையான கடும் புயலைத்தான் குறிக்கின்றன. அப்புயல் துறைமுகத்தை எப்பக்கம் விட்டுக் கடக்கும், அல்லது நேராகவே வருமா என்பதில்தான் வேறுபாடு. ஐந்து, ஆறு, ஏழும் அவ்வாறே. பதினோராம் எண் எல்லாவற்றையும்விட விந்தையானது. எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அற்றுப்போயிற்று என்பதே அதன் பொருள். நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த மொழியைப் படிக்க மாலுமிகளுக்குத் தெரியும். செய்தித்தாளில் ‘எட்டாம் எண் கூண்டு ஏற்றம்’ என்று படிக்கும் குடும்பத் தலைவிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்?

நிறங்களின் கதையும் இதுவே. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நான்கும், எவ்வளவு ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பதற்கான அடையாளங்கள். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் மழை அதிகனமழை எனப்படும். அதற்கு மேல் வேறு பெயர் இல்லை. சிவப்புக்கு மேல் வேறு நிறமும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி பெருக்கெடுத்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் அகப்பட்டுக்கொண்டனர். சிவப்பு எச்சரிக்கை காலந்தாழ்த்தி வந்தது என்று மாநில அரசு குறைகூற, மத்திய அரசு மறுத்தது. அந்த வழக்கில் நாம் தீர்ப்பளிக்க வேண்டாம். ஆனால், 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் ஒரே நிறந்தான் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். சென்ற முறை சிவப்பு வந்தபோது தெருவில் கணுக்காலளவு நீர்தான் நின்றது என்பது, இம்முறை எவ்வளவு நிற்கும் என்பதற்குச் சான்று ஆகாது.

இதுவரை கூறியது நகைப்போரைப் பற்றி. அவர்களைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. விடுமுறை கிடைத்தது, சம்பளமும் கிடைத்தது, மழை மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த முறையும் அவர்கள் வண்டியை மேம்பாலத்தில் ஏற்றத்தான் செய்வர். என் கவலையெல்லாம் நகைக்காமல் முணுமுணுப்பவர்களைப் பற்றியது.

கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய குருக்கள் யாவரும் இதனை அறிவர். மீன்வளத் துறையிலிருந்து செய்தி வந்ததும், கோயில் ஒலிபெருக்கியில் ‘கடலுக்குப் போகவேண்டாம்’ என்று அறிவிப்பது நம் வழக்கம். ஒருமுறை அவ்வாறு அறிவித்துவிட்டு வெளியே வந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “சாமி, போன மாசமும் இப்படித்தான் சொன்னீங்க. மூணு நாள் வள்ளத்தக் கரையில போட்டோம். கடலு கொளத்துத் தண்ணி மாதிரி கெடந்துச்சு. இப்ப ஏலக்காரருக்கு நான் என்ன பதில் சொல்ல?”

அவருக்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய் எழவில்லை. மழைக் காலத்தில் ஒரு கரைக்கு எத்தனை முறை இவ்வெச்சரிக்கை வருகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் படகு உரிமையாளருக்கும் இழப்பு. கூலிக்குப் போகிறவருக்கும் இழப்பு. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்கும் இழப்பு. முன்பணத்தின் வட்டியோ புயல் எச்சரிக்கையைக் கேட்டு நிற்பதில்லை. அவர்கள் அறிவிலிகளாக இருப்பதால் எச்சரிக்கையை மீறுவதாக எண்ணுவது பெரும் பிழை. வானத்தையும் நீரோட்டத்தையும் நம்மைவிட நன்கு கற்றவர்கள் அவர்கள். ‘வராத புயலுக்காக எத்தனை நாள் பட்டினி கிடப்பது?’ என்னும் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் வள்ளத்தைத் தள்ளுகின்றனர்.

அந்தக் கணக்கு எவ்வளவு கொடியதாக முடியக்கூடும் என்பதை 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவும் சுற்றுப்புறத் தீவுகளும் கண்டன. புயல் வருகிறது என்பதை அங்கிருந்தோரிற் பெரும்பாலோர் அறிந்தே இருந்தனர் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதியுள்ளனர். பாதுகாப்பான கட்டடங்களை நாடிச் சென்றவரோ மிகச் சிலர். போவதற்குக் கட்டடங்களும் அதிகம் இல்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அதன்பின் பிறந்த வங்காள தேசம் செஞ்சிலுவைச் சங்கத்தோடு இணைந்து ஊருக்கு ஊர் தொண்டர்களைத் திரட்டியது. கொடியும் கையொலிபெருக்கியும் கொண்டு வீடு வீடாகச் சென்று அழைப்போர் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர். அழைக்கிறவன் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவன் தாயும் அதே புகலிடத்துக்குத்தான் வருகிறாள். வானொலி சொன்னால் சந்தேகிக்கும் மனம் அவன் சொன்னால் எழுந்து நடக்கிறது.

நம் நாட்டில் ஒடிசா இதற்குச் சான்று. 1999 அக்டோபர் 29ஆம் நாள் வீசிய பெரும்புயலில் அங்கு ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் வந்தபோது சுமார் பத்து லட்சம் மக்கள் முன்னதாகவே கரையை விட்டு அகற்றப்பட்டனர். இறந்தோர் தொகை சில பத்துகளுக்குள் நின்றது. அந்நேரத்தில் வெளிநாட்டு நிலையங்கள் சில இன்னும் பயங்கரமான புயலை முன்னறிவித்தன. நம் வானிலைத் துறையோ தான் கணித்த அளவிலேயே உறுதியாக நின்றது, அதுவே சரியாயிற்று. மிகைப்படுத்திச் சொல்லாத நா பெறும் நம்பிக்கையே வேறு.

குமரி மாவட்டத்தின் துயரம் வேறு வகையானது. 2017 நவம்பர் 29ஆம் நாள் இலங்கையை ஒட்டிய கடலில் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாட் காலையில் குமரிமுனைக்குத் தெற்கே ஒக்கிப் புயலாக நின்றது. கடலுக்குப் போகாதீர் என்னும் அறிவிப்பு, கரையில் இருந்தவர்களுக்குத்தான் பயன்பட்டது. தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் மீனவர்களோ வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பவர்கள். செல்பேசியின் எட்டுகை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு முடிகிறது. அதற்கப்பால் இருந்தவர்களின் காதில் எந்த ஒலிபெருக்கியும் விழவில்லை. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் போய் ஒதுங்கின. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை. உடல் கிடைக்காத கணவனுக்காகக் கல்லறைத் திருநாளில் எங்கே விளக்கேற்றுவது என்று கேட்ட பெண்களை அக்கரைக் குருக்கள் அறிவர். அதன்பின், 2019இல், செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலுக்கும் எச்சரிக்கை அனுப்பும் ‘ஜெமினி’ என்னும் கருவி வந்தது. அது செய்தியைப் பெறுமேயன்றி மறுமொழி அனுப்பாது. பின்னர், இருபுறமும் பேசக்கூடிய கருவிகள் படகுகளிற் பொருத்தப்படலாயின.

அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. முதல் அறிவிப்புகள் வடதமிழகக் கரையையே நோக்கியிருந்தன. நாள்கள் நெருங்க நெருங்கத் தெற்கே திருத்தப்பட்டன. திருத்தத்தை நம்பியதால் சுமார் எண்பதினாயிரம் பேர் முகாம்களுக்குச் சென்றனர். ‘அன்று அங்கே என்றீர்கள், இன்று இங்கே என்கிறீர்கள்’ என்று வாதாடிக்கொண்டு அவர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் எத்தனை பேர் மாண்டிருப்பார்களோ! பிற்செய்தி முற்செய்தியைத் திருத்துவது, கண் இன்னும் விழித்திருக்கிறது என்பதன் அடையாளம். ஆனால், தென்னையை எந்த முகாமுக்கு அழைத்துச் செல்வது? பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருபது முப்பது ஆண்டு வளர்ந்த தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன.

ஆகவே, வராத புயலின் செலவை யார் ஏற்பது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. தீயணைப்பு வண்டி ஒரு நாள் முழுதும் அழைப்பின்றி நின்றால் அதனை வீண் செலவு என்று யாரும் சொல்வதில்லை. அச்செலவை ஊரே பகிர்ந்துகொள்கிறது. கடலுக்குப் போகாத நாளின் செலவை மட்டும் ஏன் ஒரு குப்பத்தின் தலையில் கட்டுகிறோம்? மீன்பிடித் தடைக்காலமான 61 நாள்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. எச்சரிக்கையின் பேரில் கரையில் நின்ற நாள்களையும் அவ்வாறே எண்ணி ஈடுசெய்ய வழி காணவேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் இதனைக் கணக்கோடு கேட்கலாம். எந்தெந்த நாள் எச்சரிக்கை வந்தது, எத்தனை வள்ளம் கரையில் நின்றது என்னும் குறிப்பேடு ஒவ்வொரு ஊரிலும் இருந்தால் அந்த வேண்டுகோளுக்கு வலு கூடும். எழுதத் தெரிந்த நம் இளைஞர் இதனைச் செய்யலாம்.

மற்றொன்று நம் கையிலேயே உள்ளது. எச்சரிக்கையை உரக்க அறிவிக்கிறோம். அது நீங்கியதை அறிவிப்பதில்லை. கடல் அமைதியானதும் நாமும் அமைதியாகிவிடுகிறோம். புயல் எங்கே திரும்பிற்று, எந்த ஊரில் கரையேறிற்று, அங்கே எத்தனை வீடு போயிற்று என்பதை அதே ஒலிபெருக்கியில், அதே குரலில், மறுநாளே சொல்லிவிட்டால், “வரவில்லை” என்னும் பேச்சு “அங்கே போயிற்று” என்று மாறும். சென்ற பருவமழை முதல் எங்கள் பங்கில் இவ்வாறு செய்து வருகிறோம். முன்பு நான் கூறிய வலைக்காரப் பெரியவர் இப்போது மறுநாட் காலையில் தாமே வந்து கேட்கிறார், “சாமி, அது எந்தப் பக்கம் போச்சு?” என்று. ஏலக்காரருக்கான பதில் மட்டும் இன்னும் என்னிடம் இல்லை.