மெகாபிக்சலை எண்ணாதீர்கள், சென்சாரை அளந்து பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்திருந்த அதே பொறுமையோடு படியுங்கள். கணக்கு வரும், ஆனால் பயப்பட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும்தான்.

"டீச்சர், எந்த கேமரா வாங்கலாம்?" "பெரியம்மா, இந்த போன் 200 மெகாபிக்சலாம், எடுத்துடலாமா?" மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் கேமராவும் கையுமாக வேடந்தாங்கல், மாமல்லபுரம் என்று சுற்றுவதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் மெகாபிக்சலைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், சென்சாரின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் போட்டே ஆக வேண்டும். அவர்கள் போடும்வரை, அதை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தவணைக் கடன் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன்.

சென்சார் என்றால் என்ன? பழைய கேமராவில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் சில்லு. லென்ஸ் வழியாக வரும் ஒளி அதன்மேல் விழுகிறது. விழுந்த ஒளி மின்னூட்டமாகி, எண்ணாகி, படமாகிறது. இதற்கு வழிகாட்டிய சி.சி.டி. என்ற சில்லை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2009-இல் இயற்பியல் நோபல் பரிசும் பெற்றார்கள். 1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தது வெறும் 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனதாம். அங்கிருந்து 200 மெகாபிக்சலுக்கு வந்துவிட்டோம். வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் எது வளர்ந்தது, எது வளரவில்லை என்று பார்க்க வேண்டாமா?

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற வழியில் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாக வரப்பு கட்டியிருப்பார்கள். ஒருவர் வந்து "என் உப்பளத்தில் 200 பாத்தி இருக்கிறது" என்கிறார். இன்னொருவர் "என்னுடையதில் 24 பாத்திதான்" என்கிறார். யாருக்கு உப்பு அதிகம் விளையும்? முதலாமவருக்கு என்று யாராவது சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன். நிலம் எத்தனை ஏக்கர் என்று கேட்காமல் பதில் சொல்லவே முடியாது. வெயில் விழுவது நிலத்தின்மேல், பாத்தியின் எண்ணிக்கைமேல் அல்ல.

சென்சார்தான் அந்த நிலம். பிக்சல்தான் பாத்தி. ஒளிதான் வெயில்.

இப்போது நிலத்தை அளப்போம்.

ஃபுல் ஃபிரேம் எனப்படும் சென்சார்: 36 × 24 = 864 சதுர மி.மீ. பழைய 35 மி.மீ. பிலிமின் அளவு இதுதான்.

ஏ.பி.எஸ்.-சி எனப்படும் சென்சார் (நம்மில் பலர் வைத்திருக்கும் நிக்கான், சோனி கேமராக்களில்): 23.5 × 15.6, அதாவது சுமார் 367 சதுர மி.மீ. கேனானில் இன்னும் சற்றுச் சிறியது.

"ஒரு அங்குல" சென்சார்: 13.2 × 8.8, சுமார் 116 சதுர மி.மீ.

200 மெகாபிக்சல் போனில் இருக்கும் சென்சார்: ஒரு பிக்சல் 0.6 மைக்ரான். 16,320 பிக்சல் நீளம், 12,240 பிக்சல் அகலம். பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 9.8 × 7.3, சுமார் 72 சதுர மி.மீ.

864-ஐ 72-ஆல் வகுத்தால் 12. ஃபுல் ஃபிரேம் கேமராவின் நிலம் இந்தப் போனைப் போல் 12 மடங்கு. ஆனால் பெட்டி மேல் அதில் 24 என்றும் இதில் 200 என்றும் போட்டிருக்கும். பார்க்கிறவர் எதை உசத்தி என்று நினைப்பார்?

போன் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் அந்த 200 மெகாபிக்சல் போன், நாம் ஒன்றும் மாற்றாமல் எடுத்தால் 16 பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் கொடுக்கிறது. வரப்பை வெட்டிவிட்டுப் பதினாறு பாத்தியை ஒரே பாத்தியாக்குகிறார்கள். புத்திசாலித்தனமான வேலைதான். ஆனால் விளம்பரத்தில் பெரிதாக வருவது எது? வரப்பை வெட்டுவதற்கு முந்தைய எண்ணிக்கை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது அந்த "அங்குலம்" விஷயத்தில். "ஒரு அங்குல சென்சார்" என்கிறார்களே, அளந்து பார்த்தால் மூலைக்கு மூலை சுமார் 16 மி.மீ.தான் இருக்கும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அல்லவா? விஷயம் என்னவென்றால், பழைய டி.வி. கேமராக்களில் கண்ணாடிக் குழாய் இருந்தது. அந்தக் குழாயின் வெளி விட்டம்தான் அந்த ஒரு அங்குலம். உள்ளே படம் விழும் பகுதி சிறியது. குழாய் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, கணக்கு மட்டும் போகவில்லை. போன்களில் இன்னும் மோசம். "1/1.3 அங்குலம்", "1/2.55 அங்குலம்" என்று பின்னத்துக்குள் தசமம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

நம் நாட்டில் படி, ஆழாக்கு, வீசை எல்லாம் போய் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-இல். இன்று டி.வி. பெட்டியைப் பாருங்கள். "80 செ.மீ." என்று போட்டு, அதற்குப் பக்கத்தில்தான் 32 அங்குலம் என்று போடுகிறார்கள். பொட்டலப் பொருள்களுக்கு 2011-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று போடாமல் விற்க முடியாது. பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கு இருக்கும் நியாயம் ஒரு லட்ச ரூபாய் போனின் சென்சாருக்கு ஏன் இல்லை? "9.8 × 7.3 மி.மீ." என்று போட ஒரு வரி போதும்.

சரி, பெரிய சென்சார் வாங்கினால் போதுமா? போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கேமராவோடு சேர்த்து ஒரு லென்ஸ் தருவார்கள், 18-55 என்று. அதில் ஜூம் செய்த முனையில் திறப்பு எஃப்/5.6. போனில் இருப்பது எஃப்/1.7. இந்த எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரியது. 5.6-ஐ 1.7-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். சுமார் 11 வரும். அதாவது ஒவ்வொரு சதுர மி.மீ.க்கும் போன் லென்ஸ் 11 மடங்கு ஒளியை விடுகிறது. ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் நிலமோ போனைப் போல் 5 மடங்குதான். ஆக, அந்த முனையில் மொத்த ஒளியில் போன் இரண்டு பங்கு முன்னால் நிற்கிறது! "அறுபதாயிரம் கொடுத்து வாங்கினேன் டீச்சர், கல்யாண மண்டபத்தில் போன்தான் நன்றாக எடுக்கிறது" என்று ஒரு மாணவி வருத்தப்பட்டாள். காரணம் இதுதான். அதே கேமராவில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் ஒளி ஏறக்குறைய 10 மடங்கு கூடும். லென்ஸ்களிலேயே விலை குறைந்த வகை அது.

ஒளி பற்றாதபோது ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டு என்பார்கள். கூட்டலாம். ஆண்டு விழாவில் மெல்லப் பேசுகிற பிள்ளைக்காக மைக்கின் சத்தத்தைக் கூட்டுவோமே, அது மாதிரி. பிள்ளையின் குரலும் கூடும், கரகரப்பும் கூடும். ஐ.எஸ்.ஓ. புதிதாக ஒளியைக் கொண்டுவராது. மாமல்லபுரத்தில் வராக மண்டபத்துக்குள் நின்று எடுத்துப் பாருங்கள், தெரியும். தொல்லியல் துறையின் இடங்களில் அனுமதி வாங்காமல் முக்காலி வைக்கவும் முடியாது. அங்கே சென்சாரின் நிலமும் லென்ஸின் திறப்பும்தான் கைகொடுக்கும்.

எல்லா இடத்திலும் பெரியதுதான் சிறந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். வேடந்தாங்கலுக்கு வாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் ஏரி நடுவே மரங்களில் இருக்கும். நாம் கரையில். அருகே போக முடியாது, போகவும் கூடாது. 1790-களிலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஊரார் கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது. அங்கே 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால் 450 மி.மீ. போட்டதுபோல் பறவை பெரிதாக நிற்கும். அதே 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் எடுத்து, அந்த அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது சுமார் 10 மெகாபிக்சல். தூரத்துப் பறவைக்கு நெருக்கமான பாத்திகள் உதவும். சிற்பத்தின் நுணுக்கத்தையும் கல்வெட்டையும் பதிவு செய்கிறவர்களுக்கும் மெகாபிக்சல் உதவும். அதற்குப் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது மட்டுமே அளவுகோல் இல்லை என்கிறேன்.

இவ்வளவும் எழுத உண்மையான காரணம் வேறு. என் மாணவன் ஒருவன் மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களைப் படம் எடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறான். அவன் அப்பாவும் பிலிம் காலத்தில் அதே மணலில் அதே தொழில்தான் செய்தார். இப்போது எல்லார் கையிலும் போன். வருமானம் இறங்கிவிட்டது. "45 மெகாபிக்சல் கேமரா இ.எம்.ஐ.யில் எடுக்கப் போகிறேன் டீச்சர், அதை எடுத்தால் தொழில் திரும்ப வரும்" என்கிறான். பெண் குழந்தை பள்ளியில் சேரப்போகும் வருடம் இது.

அவனுக்கு நான் சொன்ன கணக்கு இது. நீ கொடுப்பது 6 × 8 அங்குலப் படம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 1800 × 2400. பெருக்கினால் 4.3 மெகாபிக்சல். உன்னிடம் இருப்பது 24. தேவைக்கு ஐந்து மடங்குக்கு மேல் ஏற்கெனவே உன் கையில் இருக்கிறது. 45 வாங்கினாலும் அந்த 6 × 8-இல் வாடிக்கையாளர் ஒரு வித்தியாசமும் பார்க்கப் போவதில்லை. தவணை மட்டும் மாதா மாதம் வரும். ஒரு தவணைக்கு எத்தனை பிரிண்ட் விற்க வேண்டும் என்று நீயே எழுதிப் பார்.

போன் வைத்திருப்பவரிடம் இல்லாதது உன்னிடம் என்ன இருக்கிறது? அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்தது, காலை வெயிலில்தான் அந்தச் சிற்பங்கள் எழுந்து நிற்கும் என்று உனக்குத் தெரியும். காலையில் கடற்கரைக் கோயிலுக்கு மேற்கே நின்று எடுத்தால் கோயிலும் முகமும் கருத்துப்போகும், எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று தெரியும். வந்த குடும்பத்தில் எல்லாரும் படத்தில் இருப்பார்கள். போனில் எடுத்தால் எடுக்கிறவர் இருக்க மாட்டார். கையில் தாளாகக் கொடுக்கிறாய். போனில் இருக்கும் நாலாயிரம் படத்தில் எதைத் தேடிப் பார்க்கப் போகிறார்கள்? உன் தாள்தான் வீட்டுச் சுவரில் இருக்கும். ஆகவே செலவு செய்வதானால் நல்ல லென்ஸ் ஒன்று, நல்ல பிரிண்டர் ஒன்று. அதையும் கையில் இருக்கும் பணத்துக்குள்.

மற்றவர்களுக்கு என் ஆலோசனை சுருக்கமாக:

1. வீட்டு விசேஷம், பிள்ளைகள், கோயில் குளம் என்றால் இருக்கும் போனே போதும். பெரிய 4கே டி.வி.யே 8.3 மெகாபிக்சல்தான்.

2. கல்யாணம், மேடை நிகழ்ச்சி எடுத்துச் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றால் சென்சார் அளவு கேளுங்கள், லென்ஸின் எஃப் எண் கேளுங்கள், மெகாபிக்சலைக் கடைசியாகக் கேளுங்கள். முதல் சில நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

3. கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணல் காற்றில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உப்பு ஈரத்தைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் கரையோர ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் எந்த சென்சாரும் காப்பாற்றாது.

4. வருடத்துக்குப் பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்கள்.

என் மாணவர்களில் மொபைல் கடை, கேமரா கடை வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனி பெட்டி மேல் போடாவிட்டாலும், விலைச் சீட்டுக்குக் கீழே சென்சாரின் நீள அகலத்தை நீங்கள் பேனாவால் எழுதி வையுங்கள். நாலு கடையில் எழுதினால் வாங்குகிறவர்கள் எல்லாக் கடையிலும் கேட்பார்கள். கேட்கத் தொடங்கினால் பெட்டியிலும் தானாக வரும்.

கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். விடை மட்டும் எழுதாமல், வழிமுறையோடு எழுதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்