கட்சிக்குள் ஒரு கட்சி

தேர்தலுக்கு நிற்காமல், ஓட்டுக் கேட்காமல், ஜனங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் இல்லாமல் ஒரு பெரிய கட்சியின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அக்கட்சிக்குள்ளேயே ஒரு சங்கம் வைத்துக்கொள்வதுதான் அது. இதற்கு இங்கிலாந்து கன்சர்வேடிவ் கட்சியினரின் மண்டே கிளப் என்னும் திங்கட்கிழமைச் சங்கமே போதுமான உதாரணமாகும்.

1960ஆம் வருஷம் பிப்ரவரியில் பிரதம மந்திரி மாக்மில்லன் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பேசும்போது, அக்கண்டம் எங்கும் மாறுதல் காற்று வீசுவதாகச் சொன்னார். கறுப்பு மக்களின் தேசிய உணர்ச்சியை இனி ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என்பதே அதன் கருத்து. இது பொறுக்காத கன்சர்வேடிவ் இளைஞர் சிலர் 1961ல் இச்சங்கத்தைத் தொடங்கினர். சாலிஸ்பரி பிரபு அதற்குத் தலைவரானார். 1965ல் ரொடீஷியாவில் ஐயன் ஸ்மித் வெள்ளையர் ஆதிக்கத்தைக் காப்பதற்காகத் தாமாகவே சுதந்திரம் சாற்றிக்கொண்டபோது, அவருக்குப் பரிந்து பேசியதும் இச்சங்கமே.

நிற்க, கறுப்பர் நாட்டில் வெள்ளையர் ஆளலாம் என்ற இவர்களே, வெள்ளையர் நாட்டில் கறுப்பர் குடியிருக்கவும் கூடாது என்றார்கள்! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

1972ல் உகாண்டாவில் இடி அமீன் இந்திய வம்சத்தாரை விரட்டினார். அவர்களில் பலர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டு உள்ளவர்கள். அவர்களையும் ஏற்கக்கூடாதென்று இச்சங்கத்தார் லண்டனில் கூட்டம் போட்டுக் கூச்சலிட்டனர். பிரதம மந்திரி ஹீத் இணங்கவில்லை. சுமார் 28,000 பேர் உள்ளே விடப்பட்டனர். தலைவனுக்கு முதுகெலும்பு இருந்தால் இப்படிப்பட்ட சங்கத்தின் மிரட்டல் செல்லாது என்பதற்கு இதுவே ருஜு.

ஆனால், அதே ஹீத் சர்க்கார் 1971ல் செய்த குடியேற்றச் சட்டம் என்ன சொல்லிற்று? பிரிட்டிஷ் பிரஜையேயானாலும், வெளியில் பிறந்தவனுக்கு அந்நாட்டில் தங்கும் பிறப்புரிமை வேண்டுமானால், அவனுடைய தாய் தகப்பனோ பாட்டன் பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. சங்கம் ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்டு பேரனின் யோக்கியதையை அளக்கும் புத்தி சங்கத்தின் கதவோடு நிற்கவில்லை என்றே சொல்லுகிறோம்.

கடைசியாக 2001ல், டங்கன் ஸ்மித் தலைவராக வந்ததும், கட்சி இச்சங்கத்தோடு உறவை நிறுத்தி வைத்தது. அதிலிருந்த மூன்று பார்லிமெண்டு மெம்பர்களும் விலகும்படி சொல்லப்பட்டனர். நல்லதே. ஆனால் இதற்கு 40 வருஷங்கள் வேண்டியிருந்ததா?

ஆதலால் தோழர்களே, எந்தக் கட்சியானாலும் அது யாரை வெளியே தள்ளிற்று என்பதை மாத்திரம் பார்த்து ஏமாறாதீர்கள். தள்ளப்பட்டவனுடைய கருத்தும் கூடவே வெளியே போயிற்றா என்று அதன் சட்டங்களைப் புரட்டிப் பாருங்கள்.