விஸ்கி ஆலைக்குப் பயிற்சிக்குப் போகலாமா?

2001-ஆம் ஆண்டு வாக்கில் பெங்களூரு மாணவர் ஒருவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். பெயர் ரக்ஷித் ஜக்தாலே. அவருடைய பாட்டனார் 1948-இல் தொடங்கியது அம்ருத் டிஸ்டிலரீஸ். இந்தியாவில் வடித்த சிங்கிள் மால்ட் விஸ்கியை பிரிட்டனிலுள்ள இந்திய உணவகங்களில் விற்க முடியுமா என்று ஆராய்ந்து, அதையே படிப்புக்கான ஆய்வாக எழுதும்படி தந்தை நீலகண்ட ராவ் சொன்னார். மகனும் எழுதினார். 2004 ஆகஸ்டில், விஸ்கிக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே அம்ருத் மால்ட் அறிமுகமானது. முதலில் விற்பனை மந்தம்தான். 2010-ஆம் ஆண்டுக்கான தம் நூலில் ஜிம் முர்ரே என்ற விமர்சகர் அம்ருத் ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதிய பிறகு பெயர் பரவியது.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடியில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவரின் பேரனுக்கு, வெளிமாநிலத்து மால்ட் விஸ்கி ஆலை ஒன்றில் இரண்டு மாதம் மார்க்கெட்டிங் பயிற்சி கிடைத்திருக்கிறது. வீட்டில் ஒரே சண்டை. "சாராயக் கம்பெனியில போயி இவன் என்னத்தப் படிக்கப் போறான் அண்ணாச்சி?" என்று கேட்டார் நண்பர். குடியினால் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

படிக்க விஷயம் உண்டு என்பதே என் கருத்து. ஸ்காட்லாந்தில் பீப்பாயில் ஊறும் விஸ்கியில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம் வரை போய்விடும். வெயிலை நம்பி உப்பு விளைவிக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே வெப்பத்தால் சரக்கு சீக்கிரம் பக்குவப்படவும் செய்கிறது. நஷ்டம் போலத் தெரிவதையே சிறப்பு என்று வெள்ளைக்காரனுக்கு எடுத்துச் சொல்லி விற்றார்களே, அதில் பொய் இல்லை. அது நல்ல பாடம்.

நம் ஊர் நிலவரம் வேறு. இங்கே விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தைச் சேர்த்துச் செய்தது. தானியத்திலிருந்து வடிக்காததை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்கவே முடியாது. 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் சில்லறைக் கடையும் அரசாங்கத்துடையதே. 'மாநில வாணிபக் கழகம்' என்று பெயர். ஆனால் வருகிறவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறார்.

தொலைக்காட்சியில் மது விளம்பரம் 2000-இலேயே தடை செய்யப்பட்டது. உடனே அதே பெயரில் சோடா வந்தது, இசைத்தட்டு வந்தது. 2008-இல் ஒரு விஸ்கியின் பெயரைத் தழுவி பெங்களூரு கிரிக்கெட் அணிக்கே பெயர் வைத்தார்கள். பேரப்பிள்ளைகளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறார்கள். குடிப்பவருக்குத் தெரிய வேண்டிய செய்தி போய்ச் சேரவில்லை; குடிக்கக் கூடாத பிள்ளைகளுக்குப் பெயர் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகவே அந்த நாட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்கிறேன். 1954-இல் நம் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்க உடன்பட்ட பிரதமர் மாந்தேஸ் பிரான்ஸ், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கச் சொன்னவர். பள்ளிச் சாப்பாட்டில் பிள்ளைகளுக்கு ஒயின் ஊற்றிய நாடு அது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 1956-இல்தான் அதை நிறுத்தினார்கள். 1991-இல் வந்த எவேன் சட்டம் தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் மது விளம்பரத்தைத் தடுத்தது. பத்திரிகையில் விளம்பரம் செய்யலாம். ஆனால் எந்த ஊர்ச் சரக்கு, எப்படிச் செய்தது, எத்தனை டிகிரி என்பது போன்ற விவரங்களை மட்டும் சொல்லலாம், கூடவே உடல்நல எச்சரிக்கையும் போட வேண்டும். வீரம், வெற்றி, அழகிய பெண் என்ற ஜோடனை கூடாது.

நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்பேன். எந்த விளம்பரமானாலும் குடியைத்தானே வளர்க்கும் என்று நண்பர் கேட்கிறார். நியாயம்தான். ஆனால் இப்போது இருப்பது விளம்பரமே இல்லாத நிலை அல்ல. முக்காடு போட்ட விளம்பரம். முதலில் முக்காட்டை எடுக்க வேண்டும். சோடாப் பெயரில் விற்பதை முழுவதும் நிறுத்தி, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட வேண்டும். முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதிய குமாஸ்தாவுக்கு, மறைத்து எழுதியது எதுவும் நல்லதற்கில்லை என்று தெரியும்.

பையன் போகட்டும். பீப்பாயையும் பார்லியையும் பார்க்கட்டும், வெளிநாட்டில் விற்கும் வித்தையைக் கற்கட்டும். சோடா விளம்பரம் எழுதச் சொன்னால் மட்டும், "சார், இந்த சோடா எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்கட்டும். பதில் வராவிட்டால் அந்த வேலையை மரியாதையாக மறுத்துவிடலாம். பயிற்சி அறிக்கையில் இன்னும் ஓர் அத்தியாயமும் சேர்க்கலாம். சம்பள நாள் சாயங்காலம் துறைமுகத் தொழிலாளி ஒருவர் மதுக்கடையில் கொடுத்தது எவ்வளவு, வீட்டுக்குக் கொண்டுபோனது எவ்வளவு என்ற கணக்கு. அதுவும் சந்தை ஆய்வுதானே.