சீருடையைக் கழற்றிய பிறகு: ஆஸ்திரேலியாவின் முன்னாள் வீரர்களுக்கு உதவி ஏன் எட்டவில்லை?

ஆஸ்திரேலியாவில் 1997க்கும் 2021க்கும் இடையில் 1,677 படையினரும் முன்னாள் படையினரும் தற்கொலையால் உயிரிழந்துள்ளனர். அதே காலத்தில் களத்தில் பலியான வீரர்களின் எண்ணிக்கையைவிட இது 20 மடங்கு அதிகம். இதனை ஆராய 2021இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம், 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கையை ஒப்படைத்தது.

அந்த நாட்டில் முன்னாள் வீரர்களுக்குத் தனித் துறை உண்டு. இழப்பீடு, ஓய்வூதியம், சிகிச்சை அட்டை, 24 மணி நேர இலவச ஆலோசனைச் சேவை என்று எல்லாம் உண்டு. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கைவிடப்பட்டது எப்படி? உதவி இருந்தது. ஆனால், அதைப் பெறுவதற்கான வழி, ஒரு மனிதன் மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில் நடந்து கடக்கக்கூடியதாக இல்லை.

வெளியே வந்த பிறகே ஆபத்து

போர்க்களத்தின் கொடுமைதான் வீரர்களை வாட்டுகிறது என்பது பொதுவான எண்ணம். புள்ளிவிவரம் வேறொன்றையும் சொல்கிறது. பணியில் இருக்கும் ஆண் வீரர்களிடையே தற்கொலை விகிதம், பொதுமக்களில் உள்ள ஆண்களைவிடப் பாதியளவே. படையை விட்டு விலகிய ஆண்களிடையே அது ஏறக்குறைய கால்பங்கு அதிகம். விலகிய பெண்களிடையே, மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்கு. உடல்நலம் அல்லது மனநலம் காரணமாக விருப்பமின்றி வெளியேற்றப்பட்ட ஆண்களின் நிலை இன்னும் மோசம். தாமாக விலகியவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு.

காரணம் புரியாததல்ல. படையில் வேலை, தங்குமிடம், மருத்துவர், நண்பர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. வேலை போகும்போது அனைத்தும் ஒன்றாகப் போய்விடுகின்றன. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிரூபித்தால்தான் உதவி

இழப்பீடு கேட்பவர், தமது காயமோ மனநோயோ பணியால் வந்தது என்பதை நிறுவ வேண்டும். எந்த ஆண்டில், எந்த வகைப் பணியில் இருந்தார் என்பதைப் பொறுத்து 1986, 1988, 2004ஆம் ஆண்டுகளில் தொடங்கும் மூன்று வெவ்வேறு சட்டங்களில் ஒன்றோ, ஒன்றுக்கு மேற்பட்டவையோ அவருக்குப் பொருந்தும். சொக்சோ இழப்பீட்டுக்காகப் பாரங்களோடு அலைந்தவர்களுக்கு இந்தக் களைப்பு தெரிந்ததே. இங்கே அலைய வேண்டியவர் தூக்கமின்றி, மனம் உடைந்து, ஒரு கடிதத்தைப் பிரிக்கவும் அஞ்சும் நிலையில் இருப்பவர்.

2022இல் ஆணையம் இடைக்கால அறிக்கை வெளியிட்டபோது, 41,000க்கும் மேற்பட்ட மனுக்கள் தீர்வின்றித் தேங்கிக் கிடந்தன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்ற கதைதான்.

பணி எந்த வகையில் சேர்கிறது என்பதும் ஒரு தடை. இதற்கு மலேசியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1970 முதல் பட்டர்வொர்த் விமானத்தளத்தில் ஆஸ்திரேலியக் காலாட்படைப் பிரிவு ஒன்று சுழற்சி முறையில் பணியாற்றி வருகிறது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி நீடித்த 1989 வரை அங்கிருந்தவர்கள், தங்களுடையதைப் போர்ப்பணியாக அங்கீகரிக்குமாறு பல ஆண்டுகளாகக் கோரி வருகின்றனர். அமைதிக்காலப் பணி என்று பதிவானால், கிடைக்கும் சலுகைகளும் குறையும்.

வீடும் குடியும்

படையை விட்டு அண்மைக் காலத்தில் விலகியவர்களில் 5.3 விழுக்காட்டினர், ஓராண்டுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் வீடற்ற நிலைக்குத் தள்ளப்பட்டதாக 2019இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஏறக்குறைய 5,800 பேர். பொதுமக்களிடையே இது 1.9 விழுக்காடு. இவர்களில் எல்லாரும் தெருவோரத்தில் படுப்பவர்கள் அல்லர். நண்பர் வீட்டுக் கூடத்திலும் காரிலும் இரவைக் கழிப்பவர்களும் உண்டு. அவர்கள் தங்களை வீடற்றவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. முன்னாள் வீரர் என்று சொல்லவும் கூசுகின்றனர். தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 2021இல்தான் முதன்முறையாக, ‘படையில் பணியாற்றினீர்களா?’ என்று கேட்டது. யார் என்றே தெரியாதவரைத் தேடிப் போய் உதவ முடியாது.

குடிப்பழக்கம் இந்த முடிச்சை இறுக்குகிறது. கெட்ட கனவுகளை மறக்கக் குடிக்கிறவரிடம், மனநலச் சிகிச்சைக்கு முன் குடியை நிறுத்து என்கிறார்கள். குடியை நிறுத்த மனம் தேற வேண்டும். தேறுவதற்கு இரவில் பூட்டிக்கொண்டு படுக்க ஓர் அறையாவது வேண்டும். மூன்றும் மூன்று அலுவலகங்களில் இருந்தால், அவர் எங்கும் போய்ச் சேரமாட்டார்.

கேள்வி கேட்காத கதவு

மாற்றம் இல்லாமலில்லை. முழுநேரப் பணியில் ஒரு நாள் இருந்திருந்தாலே, நோய் பணியால் வந்தது என்று நிரூபிக்காமல் மனநலச் சிகிச்சை பெறலாம். மது, போதைப் பழக்கச் சிகிச்சையும் இதில் அடங்கும். தேங்கிய மனுக்களை முடிக்கக் கூடுதலாக 500 ஊழியர்கள் சேர்க்கப்பட்டனர். மூன்று சட்டங்களையும் எளிமையாக்கி, 2026 ஜூலை முதல் புதிய மனுக்கள் அனைத்தையும் ஒரே சட்டத்தின்கீழ் கொண்டுவர நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்துள்ளது. ஆணையத்திற்கு முன்பே 50க்கும் மேற்பட்ட விசாரணைகள் நடந்து அறிக்கைகள் வந்துவிட்டன என்பதால், இம்முறையாவது நடக்குமா என்று குடும்பங்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

இந்தக் கேள்வி நமக்கும் அந்நியமானதல்ல. மலேசிய ஆயுதப்படையில் 21 ஆண்டு நிறைவு செய்யாமல் விலகிய சாதாரண நிலை வீரர்கள் பலர் ஓய்வூதியம் இல்லாதவர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவை மலேசியா 2023இல்தான் நீக்கியது. அதுவரை உதவி கேட்டு வாய் திறப்பதே ஆபத்தாக இருந்தது. முதலில் கைகொடு, தாள்களைப் பிறகு பார் என்பதே ஆஸ்திரேலியா பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கும் பாடம். அதை நாமும் அதே விலை கொடுத்துத்தான் கற்க வேண்டும் என்பதில்லை.

(மன உளைச்சலில் இருப்போர் மலேசியாவில் ஹீல் 15555 அல்லது பிஃபிரெண்டர்ஸ் 03-76272929 எண்ணிலும், சிங்கப்பூரில் 1767 எண்ணிலும் உதவி பெறலாம்.)