மும்பைச் சால்கள் சொல்லும் கணக்கு

அரண்மனைகளின் சரித்திரத்தை எழுத ஆளுண்டு. ஆலைத் தொழிலாளி படுத்துறங்கிய வீட்டின் சரித்திரத்தை எழுதுவார் யார்?

மும்பையில் பரேல், லால்பாக், வொர்லி வட்டாரத்துக்குக் கிரண்காவ் என்று பெயர். ஆலையூர் என்று பொருள். அங்குள்ள 'சால்' என்னும் அடுக்கு வீடுகளைப் பற்றியே பேசுகிறோம்.

1896-ல் அந்நகரில் பிளேக் பரவியது. 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் வந்தது. தெருவை அகலமாக்குகிறோம் என்று ஏழைகளின் குடியிருப்புகளை இடித்தார்கள். இடித்த அளவுக்குக் கட்டினார்களா? இல்லை!

1920-களில் பிரிட்டிஷ் சர்க்காரின் அபிவிருத்தி இலாகா வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 கான்கிரீட் கட்டடங்களை எழுப்பியது. தரைத்தளமும் மூன்று மாடிகளும். தளத்துக்கு 20 அறைகள். நடுவே நீண்ட நடை. ஓர் அறை சுமார் 160 சதுர அடி. கக்கூஸ் பொது. சமையலும் படுக்கையும் நோயும் பிரசவமும் அந்த ஒரே அறைக்குள்!

இந்த நெருக்கடியை நாம் புகழமாட்டோம். ஆனால் ஒரே நடையில், ஒரே குழாயடியில் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தார்கள். 1928-ல் பஞ்சாலைத் தொழிலாளர் ஆறு மாதம் வேலைநிறுத்தத்தில் நின்றபோது, அவர்களைத் தாங்கியது இந்தத் தெருக்களின் ஒற்றுமையே.

1982 ஜனவரி 18-ல் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் பல ஆலைகள் திறக்கவேயில்லை. ஆலை மூடியது, நிலத்தின் விலையோ ஏறியது! ஆலை நிலத்தைப் புதிதாகக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு நகரின் பொது வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு என்றது 1991-ன் விதி. 2001-ல் அதைத் திருத்தி, கட்டடமில்லாத காலி மனைக்கு மட்டுமே பங்கு என்றார்கள். 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. ஆலை நின்ற இடங்களில் இன்று மாளிகைகளும் வணிக வளாகங்களும் நிற்கின்றன.

2025 ஆகஸ்டில் வொர்லிச் சால்வாசிகளில் முதல் 556 குடும்பங்கள் 500 சதுர அடி வீடு பெற்றன. வரவேற்கிறோம். ஆனால் வீட்டுக்கு மனுப்போட்ட ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலானவை இன்னும் காத்திருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன பதில்?

ஆலையிலும் வயலிலும் உழைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். கொடுத்த வீட்டின் சதுர அடியை மட்டும் எண்ணினால் போதாது. போன நிலத்தின் ஏக்கரையும் எண்ண வேண்டும். உழைத்தவன் வீடு கேட்பது பிச்சையல்ல, பாக்கி!