வெறுமை என்னும் பொய்

பாலைவனத்தை வெறுமையின் படிமமாக எழுதிக் குவிப்பதை நம் கவிஞர்கள் எப்போதுதான் நிறுத்தப்போகிறார்கள்? காதல் முறிந்தால் பாலைவனம். கடவுள் கைவிட்டால் பாலைவனம். எழுத ஒன்றும் தோன்றாத நாட்களிலும் அதுவே. இதை வெறும் சோம்பல் என்று விட்டுவிட முடியவில்லை. ஒரு நிலத்தை வெறுமை என்று அழைத்துவிட்டால், அங்கே நடந்தவற்றுக்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை.

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். 1849-50இல் தங்கம் தேடிச் செல்லும் வழியில் அங்கே சிக்கித் தவித்தவர்கள் வைத்த பெயர் அது. டிம்பிஷா ஷோஷோன் மக்கள் அப்போதும் அங்கே வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கு தந்த செல்வம் வெண்காரம். நம் பொற்கொல்லர்கள் நகையைப் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே பொருள்தான். எரிமலைப் பாறைகளிலிருந்தும் வெந்நீர் ஊற்றுகளிலிருந்தும் கசிந்த போரான், பண்டைய ஏரிகளில் சேர்ந்து படிவமாயிற்று. அப்படிவங்களை நீர் மறுபடியும் கரைத்து, கடலுக்குப் போக வழியற்ற பள்ளத்தின் அடியில் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே நீர் ஆவியாக ஆவியாக, யுலெக்சைட் என்னும் கனிமம் பஞ்சுருண்டைகளாகத் திரண்டது. வறட்சி மட்டும் இருந்திருந்தால் இது நிகழ்ந்திராது. நீர் வரவேண்டும், வந்த நீர் வெளியேற முடியாமல் தேங்கவேண்டும், அதன்பிறகே வெயிலுக்கு வேலை. படிக வெண்காரத்தின் எடையில் ஏறத்தாழ 47 விழுக்காடு நீர்தான்!

1883 முதல் 1888 வரை இயங்கிய ஹார்மனி ஆலைக்காக அந்த உருண்டைகளைச் சுரண்டி அள்ளியவர்கள் சீனத் தொழிலாளர்கள். சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1882இல்தான் இயற்றியிருந்தது. கோடையில் வேலையை அமர்கோசாவுக்கு மாற்றினார்கள். தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு இரங்கி அல்ல. அந்த வெப்பத்தில் கரைசல் ஆறாது, வெண்காரம் படிகமாகாது என்பதுதான் பதிவாகியிருக்கும் காரணம்.

புகழ் யாருக்குப் போயிற்று? 165 மைல் தொலைவிலிருந்த மொஹாவே ரயில் நிலையத்துக்கு வண்டி இழுத்த இருபது கோவேறு கழுதைகளுக்கு. (உண்மையில் பதினெட்டுதான், மற்ற இரண்டும் குதிரைகள்.) அவை வணிக முத்திரையாயின. 1930இல் அந்த நிறுவனத்தின் ஆதரவில் வானொலித் தொடர் வந்தது, 1952இல் தொலைக்காட்சித் தொடர். பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரீகனும் அதைத் தொகுத்து வழங்கினார். ஒரு விலங்குகூடச் சாகவில்லை என்பது இன்றளவும் சொல்லப்படும் பெருமை. ஆலை முதலாளி வில்லியம் கோல்மனின் பெயர் கோல்மனைட் என்ற கனிமத்தில் நிலைத்துவிட்டது. உப்புத்தரையில் குனிந்து அள்ளியவர்களின் பெயரில் ஒரு கூழாங்கல்கூட இல்லை.

பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. நெவாடாவின் ரயோலைட் ரிட்ஜில் லித்தியமும் போரானும் எடுக்கும் சுரங்கத்துக்கு 2024 அக்டோபரில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. 2022 டிசம்பரில் அழியும் நிலையிலுள்ள இனமாக அதே அரசு அறிவித்த டீம் பக்வீட் என்னும் சிறு செடி அங்கேதான் இருக்கிறது. போரானும் லித்தியமும் செறிந்த அந்த மண்ணில், ஏறத்தாழ பத்து ஏக்கர் பரப்பில் மட்டும் அது மஞ்சளாகப் பூக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை.