கருணாபுரத்திற்கு யார் வக்கீல்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. அதோடு நீதி வந்துவிடுமா?

கோகுல்ராஜ் கொலை வழக்கைப் பாருங்கள்! முக்கிய சாட்சியே பிறழ்ந்தார். வேறு வக்கீல் கேட்டுப் போராடினார் பெற்ற தாய். வந்தவர் பவானி வழக்கறிஞர் ப.பா.மோகன். திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவை முன்னிறுத்தி வாதாடினார். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்தது.

அரசு வக்கீலாக 7 ஆண்டு தொழில் செய்திருந்தால் போதுமாம். எத்தனை கொலை வழக்கு நடத்தினார்? யார் கேட்கிறார்கள்? கட்சிக் கரைவேட்டிதானே தகுதி!

அரசுத் தரப்புக்கு உதவியாகத் தாமே வக்கீல் வைக்கப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. கறுப்பு அங்கி அணிந்த சகோதரர்களே, கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏற உங்களில் யார் தயார்?